வாரம் மூணு வீரர்கள் போதும்

புதுசா ஒரு போர் மினியேச்சர் பத்திரிகை வரப்போகுதுன்னு அறிவிப்பு வந்தா, அன்னிக்கே ஒரு கணக்கும் கூடவே கிளம்பிடும். இதழோட விலை இவ்வளவு, உள்ள இருக்கற பொம்மைங்களைக் கடையில தனியா வாங்கினா இவ்வளவு, அப்போ லாபம் இவ்வளவு. எந்த இதழை வாங்கணும், எதை விடணும், எதை ரெண்டா வாங்கி ஒண்ணை வித்துடணும்னு பட்டியலே போட்டுடறாங்க. கணக்குல தப்பு இல்ல. பெரும்பாலும் கடை விலையை விட மலிவாத்தான் வரும். ஆனா அந்த ஒரு கணக்கை மட்டும் வச்சு ஒரு பத்திரிகை நல்லதா கெட்டதான்னு முடிவு கட்டறதை என்னால ஒத்துக்க முடியல. பொம்மை எந்தக் கடையிலயும் கிடைக்கும். எந்த பொம்மைக்கு அப்புறம் எந்த பொம்மை, எந்தப் பெயின்ட்டுக்கு அப்புறம் எந்தப் பெயின்ட், எந்த விதிக்கு அப்புறம் எந்த விதிங்கற வரிசை கடையில கிடைக்காது. இந்த மாதிரிப் பத்திரிகையோட மதிப்பே அந்த வரிசையிலதான் இருக்குங்கறது என் கட்சி. அதைத்தான் இந்தப் பதிவுல வாதாடப் போறேன். (நீளமான பதிவு. பொறுமையா படிங்க.)

இந்தப் பக்கமே வராதவங்களுக்கு முதல்ல சின்ன அறிமுகம். கேம்ஸ் ஒர்க்ஷாப்னு ஒரு இங்கிலாந்து கம்பெனி. 1975ல லண்டன்ல ஆரம்பிச்சது, இப்போ நாட்டிங்ஹாம்ல இருக்கு. 1983ல வார்ஹாமர், 1987ல வார்ஹாமர் 40,000னு ரெண்டு விளையாட்டைக் கொண்டு வந்தாங்க. கட்டைவிரல் உயரத்துல இருக்கற பொம்மை வீரர்களை மேஜை மேல நிறுத்தி, டேப் வச்சு அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடற விளையாட்டு. பொம்மை ரெடியா வராது. கை, கால், தலை, ஆயுதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல (ஸ்ப்ரூன்னு சொல்வாங்க) ஒட்டிக்கிட்டு வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிச்சு நாமதான் வீரனா ஆக்கணும். பார்ட்வொர்க்ங்கறது இதையெல்லாம் துண்டு துண்டா, பத்திரிகையோட சேர்த்து, வாராவாரமோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ விக்கற முறை. 2002ல டி அகோஸ்டினிங்கற பதிப்பகத்தார் "பேட்டில் கேம்ஸ் இன் மிடில் எர்த்" கொண்டு வந்தாங்க, அது 91 இதழ் ஓடிச்சு. அப்புறம் 2018ல ஹாஷெட்ங்கற பதிப்பகத்தார் "கான்க்வெஸ்ட்" ஆரம்பிச்சாங்க, 80 இதழ். அதுக்குப் பின்னாடி "மார்ட்டல் ரெல்ம்ஸ்", "இம்பீரியம்", "ஸ்டார்ம்பிரிங்கர்"னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு.

சரி, வரிசைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒரு புது ஆள் இந்த விளையாட்டுக்குள்ள வர்ற இன்னொரு வழியைப் பாருங்க. பெரிய பெட்டி. 2017ல வந்த "டார்க் இம்பீரியம்" பெட்டியில 53 பொம்மை. 2020ல "இண்டாமிட்டஸ்" பெட்டியில 61. 2023ல "லெவயத்தான்" பெட்டியில 72. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஏறிட்டேதான் போகுது. பெட்டியைத் திறந்த நாள் ரொம்ப சந்தோஷமான நாள்தான். ஆனா அடுத்த நாள்ல இருந்து அந்த 72 பொம்மையும் ஒரே நேரத்துல உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கும். நிதானமா வேலை பாக்கற புது ஆளுக்கு ஒரு பொம்மை முடியவே ஒரு சாயங்காலம் ஆகும். எங்க ஆரம்பிக்கறது, எதை முதல்ல அடிக்கறது, இதுல எது கஷ்டம், எது சுலபம்? பெட்டிக்குள்ள இருக்கற கையேடு பாகங்களை எப்படிப் பொருத்தறதுன்னு நல்லாவே காட்டும். எந்தப் பொம்மையில இருந்து கத்துக்கிட்டா கை சீக்கிரம் பழகும்னு சொல்லாது. அதனாலதான் இந்தப் பொழுதுபோக்குல இருக்கறவங்க அலமாரியில எல்லாம் சாம்பல் கலர்லயே நிக்கற ஒரு கூட்டம் இருக்கு. அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கல. ஒரே நாள்ல ரொம்ப அதிகமா வந்து சேர்ந்ததுதான் காரணம்.

இப்போ பத்திரிகையோட வழி. ஒரு இதழ்ல ரெண்டு மூணு பொம்மை வரும், அடுத்ததுல ஒரு பெயின்ட் டப்பா, இன்னொண்ணுல மேஜையில வைக்க இடிஞ்ச சுவர். ஆரம்பத்துல வர்ற பொம்மைங்க பெரும்பாலும் பசையே வேண்டாத ரகம். ஒரு பாகத்துல முளை, இன்னொரு பாகத்துல குழி, அழுத்தினா உக்காந்துடும். இதைச் சின்னப் பசங்களுக்கானதுன்னு சில பேர் ஒதுக்கறாங்க. ஆனா இந்தப் பிளாஸ்டிக் பசை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க அப்படி ஒதுக்க மாட்டாங்க. மினியேச்சர் செய்யற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான பசை, காகிதத்துல கோந்து ஒட்டற மாதிரி மேலோட்டமா ஒட்டறது இல்ல. ரெண்டு பக்கத்துப் பரப்பையும் கரைச்சு ஒண்ணாக்கிடும். காஞ்சதுக்கு அப்புறம் அது ஒரே துண்டு. தலையைக் கோணலா வச்சுட்டா திருப்பிக் கழட்ட வழியே இல்ல. அப்படி இருக்கும்போது, முதல்ல அழுத்திப் பொருத்தற பொம்மை, அதுல சட்டத்துல இருந்து சுத்தமா வெட்டற பழக்கம், கத்தியோட பின்பக்கத்தால வார்ப்பு அச்சு விட்டுப் போற கோட்டைச் சுரண்டி எடுக்கற பழக்கம், அதெல்லாம் கைக்கு வந்த அப்புறம் பசை போட்டு ஒட்ட வேண்டிய பல பாக பொம்மைன்னு போறது ரொம்ப சரியான படிக்கட்டு. தப்பு பண்ணினா பெரிசா நஷ்டம் வராத இடத்துல முதல்ல கத்துக்க விடறாங்க.

பெயின்ட்லயும் இதே ஒழுங்குதான். கேம்ஸ் ஒர்க்ஷாப்போட சிட்டாடல் பெயின்ட்டுல பேஸ், ஷேட், லேயர், டிரைனு வகை வகையா இருக்கு. கடைச் சுவர்ல முழு அடுக்கையும் பாத்தா எந்தப் புது ஆளும் மலைச்சுத்தான் போவார். பத்திரிகை முதல்ல பேஸ் வகையில ரெண்டு மூணு டப்பா மட்டும் கொடுக்கும். அதை வச்சு ஒரே ஒரு பாடம்: தண்ணி கலந்து மெல்லிசா ரெண்டு தடவை அடிக்கணும், கெட்டியா ஒரு தடவை அடிக்கக் கூடாது. (கெட்டிப் பெயின்ட் கவசத்துல இருக்கற நுணுக்கமான கோடு, ஆணி எல்லாத்தையும் மூடிடும். பொம்மையோட அழகே அந்தக் கோட்டுலதான் இருக்கு.) அது கைவந்ததும் ஷேட். அது தண்ணியான, கருமையான திரவம். மேல தடவினா மேட்டுல இருந்து வழிஞ்சு பள்ளத்துல தேங்கும், தானாவே நிழல் விழுந்த மாதிரி ஆயிடும். அப்புறம் காஞ்ச பிரஷ் முறை. பிரஷ்ல இருக்கற பெயின்ட்டைத் துணியில கிட்டத்தட்ட முழுசாத் துடைச்சுட்டு, மிச்சத்தை மேட்டுல மட்டும் படற மாதிரி லேசா உரசறது. இந்த மூணு முறையும் தெரிஞ்சா போதும், மேஜையில நிறுத்தித் தாராளமா விளையாடலாம். விளிம்புக்கு மட்டும் வெளிச்சக் கோடு போடறது, கண்ணுக்குள்ள புள்ளி வைக்கறது எல்லாம் அதுக்கு அப்புறம் வந்தா போதும். இதே விஷயங்கள் எல்லாம் ஒரே புத்தகத்துல ஒண்ணா அச்சாகி இருந்தா, நாப்பதாவது பக்கத்துல இருக்கற பளபளப்பான படத்தைப் பாத்துட்டு எல்லாரும் நேரா அங்கதான் போவாங்க. வாராவாரம் வர்றதால அங்க தாவ முடியாது. அந்தத் தடையே பெரிய உதவி.

பாட்டு கத்துக்கப் போன யாருக்கும் முதல் நாளே பஞ்சரத்ன கீர்த்தனை சொல்லித் தர மாட்டாங்க. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம்னு ஒரு பாதை இருக்கு. அதுல ஒவ்வொண்ணும் அடுத்ததுக்குத் தொண்டையைத் தயார் பண்ணுது. பார்ட்வொர்க் நல்லா அமைஞ்சா அந்த வேலையைத்தான் கைக்குச் செய்யுது. இதுக்கு நல்ல உதாரணம் இன்னிக்கும் அந்த மிடில் எர்த் பத்திரிகைதான். முதல் இதழ்லயே மோரியா சுரங்கத்துக் கோப்ளின்கள். சின்ன உருவம், இருண்ட நிறம், சொரசொரப்பான உடம்பு. பிசகினாலும் தெரியாது. பேர் தெரிஞ்ச வீரர்கள், முகத்துல உணர்ச்சி இருக்கற உலோகப் பொம்மைகள் எல்லாம் பின்னாடிதான் வந்துச்சு. ஒவ்வொரு இதழ்லயும் விதி ஒரு பகுதி, அந்த விதியை வச்சு விளையாட ஒரு சின்னச் சண்டை ஒரு பகுதி, பெயின்ட் பாடம் ஒரு பகுதி, தெர்மாகோல், அட்டை வச்சு குன்று, இடிபாடு செய்யற கைவேலை ஒரு பகுதின்னு கோர்த்திருந்தாங்க. இந்த இதழோட பொம்மை இந்த இதழோட சண்டைக்கே போகும். படிச்சதும் செஞ்சதும் விளையாடினதும் ஒரே பொருளைச் சுத்தி நடந்ததால மனசுல நின்னுச்சு.

எந்தெந்தப் படைகளைத் தேர்ந்தெடுக்கறாங்கங்கறதுலயும் ஒரு யோசனை தெரியுது. கான்க்வெஸ்ட்ல ஒரு பக்கம் ஸ்பேஸ் மரீன், இன்னொரு பக்கம் டெத் கார்ட். ஸ்பேஸ் மரீனோட கவசம் வழவழப்பா, பெரிய பெரிய தகடா இருக்கும். அதுல பிரஷ் தடம் விழுந்தா உடனே தெரியும், அதனால அது ஒழுங்கைக் கத்துக்கொடுக்கும். டெத் கார்ட் நோயும் துருவும் அழுகலுமா இருக்கற படை. அங்க பெயின்ட் வழிஞ்சாலும் அழுக்கோட அழுக்காச் சேர்ந்துடும், அதனால அது தைரியத்தைக் கத்துக்கொடுக்கும். ரெண்டையும் மாத்தி மாத்திச் செய்யறவங்களுக்குக் கை இறுகிப் போகாது. மார்ட்டல் ரெல்ம்ஸ்ல தங்கக் கவசம் போட்ட ஸ்டார்ம்காஸ்ட்டுக்கு எதிரா நைட்ஹான்ட் பேய்கள். பேயோட கிழிஞ்ச துணிக்கு வெளிர் நிறம் அடிச்சு மேல தண்ணிப் பெயின்ட் ஓட விட்டா பாதி வேலை முடிஞ்சது. இம்பீரியம்ல ஸ்பேஸ் மரீனுக்கு எதிரா நெக்ரான்கள், உலோக எலும்புக்கூடு. வெள்ளி நிறம், கறுப்பு ஷேட், மேல காஞ்ச பிரஷ்ல ஒரு உரசல். கஷ்டமான ஒண்ணுக்கு எதிர்ல மன்னிக்கற ஒண்ணை நிறுத்தறது மூணு பத்திரிகையிலயும் நடந்திருக்கு. மூணு தடவையும் இது தற்செயலா அமைஞ்சதுன்னு என்னால நம்ப முடியல.

இப்போ எதிர்வாதங்களுக்கு வரேன். முதல்ல காசு, ஏன்னா அதுதான் பலமானது. கான்க்வெஸ்ட்டோட முதல் இதழ் 1.99 பவுண்டு. வழக்கமான விலை 7.99. எண்பது இதழையும் கூட்டினா அறுநூறு பவுண்டைத் தாண்டிடும். முதல் இதழை மட்டும் கைக்கு அடக்கமான விலையில வச்சு, மொத்தத் தொகையைக் கண்ணுக்குத் தெரியாம எண்பது துண்டா உடைச்சு விக்கறது தூண்டில்தானே? ஆமாம், தூண்டில்தான். இதுல நான் பத்திரிகைக்காரங்க பக்கம் பேசப் போறதில்ல. ஆனா வாதத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. பெரிய பெட்டியை வாங்கறவர் முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டறார், இந்தப் பொழுதுபோக்கு தனக்கு ஒத்து வருமான்னு தெரியறதுக்கு முன்னாடியே. பத்திரிகை வாங்கறவர் ரெண்டாவது இதழ்ல நின்னுடலாம், பத்தாவதுல நின்னுடலாம். பிடிக்காம விலகற ஆளுக்கு இதைவிட மலிவான வழி இல்ல. தொடர்றவருக்குத்தான் செலவு கூடுது, அவர் அந்தச் செலவுக்கு பொம்மையும் வாங்கறார், பாடமும் வாங்கறார். ஆக, கெட்டது தவணை முறை இல்ல. மொத்தத்தை மறைக்கறதுதான் கெட்டது. முதல் இதழோட முதுகு அட்டையில எத்தனை இதழ், மொத்தம் எவ்வளவு, எதெது எந்த இதழ்ல வரும்னு முழுசா அச்சடிக்கச் சொல்லி வாசகர்கள் கேக்கணும். கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு.

ரெண்டாவது எதிர்வாதம்: யூடியூப்ல எல்லாமே இலவசமா இருக்கும்போது பத்திரிகைப் பாடம் எதுக்கு? நியாயமான கேள்வி. பிரஷ் எப்படி அசையுது, பெயின்ட் எவ்வளவு தண்ணியா இருக்குங்கறதை எல்லாம் அச்சுப் படத்தால காட்ட முடியாது, வீடியோவால முடியும். கேம்ஸ் ஒர்க்ஷாப்போட வீடியோக்கள்ல சொல்லிக் கொடுத்த டங்கன் ரோட்ஸ் மாதிரி ஆட்களால உலகம் முழுக்க எத்தனையோ பேர் பெயின்ட் அடிக்கக் கத்துக்கிட்டாங்க. ஆனா வீடியோ தேடறதுக்கு என்ன தேடணும்னு தெரியணும். ஷேட்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத ஆள் அதைத் தேட மாட்டார். தேடிக் கண்டுபிடிச்சாலும், வீடியோவுல இருக்கறவர் எடுக்கற ஆறாவது டப்பா நம்ம மேஜையில இருக்காது. பத்திரிகையில பொம்மையும், அதுக்கு வேண்டிய பெயின்ட்டும், அந்த ரெண்டுக்கான பக்கமும் ஒரு கோர்வையா வருது. கையில இருக்கறதை வச்சு இன்னிக்கு முடிக்கக்கூடிய வேலை மட்டும்தான் பக்கத்துல இருக்கு. கையசைவுக்கு வீடியோவைப் பாருங்க, வரிசைக்குப் பத்திரிகையைப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல சண்டையே இல்ல.

மூணாவது, பாதியில நின்னு போனா? இந்தப் பயம் வெறும் கற்பனை இல்ல. இங்கிலாந்துல பெரிய பார்ட்வொர்க் நிறுவனமா இருந்த ஈகிள்மாஸ் 2022ல நொடிச்சுப் போச்சு. பேக் டு தி ஃப்யூச்சர் படத்து டெலோரியன் காரை எல்லாம் துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்தவங்க அவங்க. அரைக் கார் கார் ஆகாது. டி அகோஸ்டினியோட மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் நூறு இதழ். அதுல அறுபது இதழ் வாங்கினவர்கிட்ட இருக்கறது விண்கலம் இல்ல, குவியல். ஆனா போர் மினியேச்சர் இங்கதான் வேற மாதிரி. மூணு வீரர் முடிஞ்சா மூணு வீரர் முழுசா முடிஞ்சாச்சு. பத்து இதழ்ல நின்னா ரெண்டு சின்னப் படை இருக்கும், அந்த ரெண்டையும் வச்சு இன்னிக்கே விளையாடலாம். இருபதுல நின்னா கொஞ்சம் பெரிய படை. எந்த இடத்துல அறுந்தாலும் கையில மிஞ்சறது உபயோகமானது. துண்டு துண்டா விக்கறதுக்குப் பொருத்தமான பொருள் எதுன்னு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்வேன். பெரிய வாகனம், பெரிய இயந்திரத்தை மட்டும் அடுத்தடுத்த இதழ்களுக்குப் பிரிச்சுத் தர்றாங்க பாருங்க, அங்க இந்த நியாயம் கொஞ்சம் ஆட்டம் காணுது. அந்த இதழ்களையாவது விடாம சேர்த்து வாங்கணும், இல்லைன்னா தொடவே கூடாது.

நாலாவது, விதிகள் பழசாகிப் போறது. இதுல எதிர்த்தரப்பு சொல்றது பெரும்பாலும் சரி. வார்ஹாமர் 40,000க்கு 2017ல எட்டாம் பதிப்பு, 2020ல ஒன்பதாம் பதிப்பு, 2023ல பத்தாம் பதிப்பு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை விதி மாறுது. எண்பது வாரம்னா ஒன்றரை வருஷத்துக்கு மேல. 2018ல ஆரம்பிச்ச கான்க்வெஸ்ட்டைக் கடைசி வரைக்கும் வாங்கினவர் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள ஒன்பதாம் பதிப்பு வந்தாச்சு. 2021ல ஆரம்பிச்ச இம்பீரியம் வாங்கினவருக்குப் பத்தாம் பதிப்பு, அதுவும் ஒவ்வொரு படையோட பழைய விதிப் புத்தகத்தையும் ஒதுக்கி வச்ச பதிப்பு. அதனால பத்திரிகையில அச்சான விதிப் பக்கங்களைப் போட்டிகளுக்கு நம்பிப் போக முடியாது, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பக்கங்களோட வேலை அது இல்ல. நகர்றது, சுடறது, அடிபட்டதா இல்லையான்னு பகடையில பாக்கறது, இந்த மூணையும் ஆறு பொம்மை வச்சு ஒரு மணி நேரத்துல புரிய வைக்கறதுதான் வேலை. அந்த அடிப்படை பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம்தான் நகருது. வீட்டு மேஜையில ரெண்டு பேர் ஒத்துக்கிட்டா பழைய விதியிலயே பல வருஷம் விளையாடலாம். பிளாஸ்டிக் வீரனுக்குப் பதிப்பு மாறினதே தெரியாது, கையில பழகின தொழிலுக்கும் தெரியாது.

ஐந்தாவது, "இது என் படை இல்லையே, அவங்க கொடுத்த படைதானே?" என்ன படை, என்ன நிறம்னு எல்லாமே அவங்க முடிவு. எனக்குப் பிடிச்சது எல்ஃப், வர்றது எலும்புக்கூடு. இந்த வாதத்துக்குப் பின்னாடி ஒரு நல்ல ஆசை இருக்கு, தனக்குன்னு ஒரு படை வேணுங்கற ஆசை. அதை நான் மதிக்கறேன். ஆனா ரெண்டு விஷயம் யோசிக்கணும். எச். ஜி. வெல்ஸ் 1913ல "லிட்டில் வார்ஸ்" எழுதி, வீட்டுத் தரையில பொம்மைச் சிப்பாய்களை வச்சு விளையாட விதி போட்ட காலத்துல இருந்தே இது ரெண்டு பக்கமும் வேணுங்கற விளையாட்டு. தனக்குப் பிடிச்ச ஒரே படையை மட்டும் சேர்த்த புது ஆள், எதிர்ல நிக்க ஆளைத் தேடி அலையணும். பத்திரிகை ரெண்டு பக்கத்தையும் ஒரே வீட்டுல சேர்க்குது. தங்கச்சியோ, பக்கத்து வீட்டு நண்பரோ, யாரை வேணும்னாலும் கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு படையைக் கையில கொடுக்கலாம். அடுத்தது நிறம். பத்திரிகை ஸ்பேஸ் மரீனை நீலத்துல அடிக்கச் சொல்லும். அதே பொம்மைக்குச் சிவப்பு அடிச்சா அது பிளட் ஏஞ்சல்ஸ், கரும்பச்சை அடிச்சா டார்க் ஏஞ்சல்ஸ், உங்களுக்குத் தோணின நிறம் அடிச்சா உங்க சொந்தப் படை. முதல் ஐந்து வீரரைச் சொன்னபடி அடிச்சுப் பழகினவர் ஆறாவது வீரரைத் தன் இஷ்டத்துக்கு அடிக்கும்போது அது உருப்படியா வரும்.

இவ்வளவு ஆதரவாப் பேசிட்டு, எனக்கு இருக்கற கவலையையும் சொல்லணும். இந்தப் பத்திரிகைகள் மெதுவா வரிசையை விட்டு விலகிப் போற மாதிரி படுது. கான்க்வெஸ்ட்லயும் மார்ட்டல் ரெல்ம்ஸ்லயும் ரெண்டே படை. இம்பீரியம்ல ஸ்பேஸ் மரீன், நெக்ரான் ரெண்டோட அடெப்டா சொரோரிடாஸ், அடெப்டஸ் மெக்கானிகஸ்னு இன்னும் ரெண்டு. 2023ல வந்த ஸ்டார்ம்பிரிங்கர்ல அதுக்கும் மேல பல படைகள். படை கூடும்போது ஒவ்வொரு புதுப் படைக்கும் கொஞ்சம் பொம்மைதான் வரும், அதுல ஒரு பாடம் முதிர்றதுக்குள்ள அடுத்தது வந்துடும். இது யாருக்கு வசதி? பாடம் தேவைப்படாத, ஏற்கனவே தன் படை வச்சிருக்கற, அந்த ஒரு இதழ்ல வர்ற பொம்மையை மலிவா எடுத்துக்கற பழைய ஆளுக்கு வசதி. அவர் வாங்கறதுல தப்பே இல்ல. ஆனா தள்ளுபடிக் கணக்கு மட்டுமே வெளியில பேசப்படும்போது, பதிப்பாளர் காதுல விழறதும் அது ஒண்ணுதான். அப்போ அவங்க இதழை அடுக்கறது கடை விலை வித்தியாசத்தைப் பாத்துத்தான், கத்துக்கறவரோட கையைப் பாத்து இல்ல. முதல் பத்தியில இருந்து நான் அந்தக் கணக்கோட சண்டை போடறதுக்கு இதுதான் காரணம். மலிவு வேண்டாம்னு சொல்லல. மலிவை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா, மலிவு மட்டும்தான் கிடைக்கும்.

அதனால யாராவது சந்தா கட்டலாமான்னு கேட்டா, என் பதில் ஆளைப் பொறுத்தது. ஏற்கனவே பெயின்ட் அடிக்கத் தெரிஞ்சவர் தனக்கு வேண்டிய இதழை மட்டும் பொறுக்கி வாங்கட்டும், முழுச் சந்தா அவருக்குத் தேவையில்ல. புதுசா வர்றவர், வரிசைப்படி செய்யத் தயாரா இருந்தா தாராளமா கட்டலாம். அதுக்கு ரெண்டு நிபந்தனை. இங்கிலாந்துல சந்தாதாரருக்கு மாசம் ஒரு பார்சல்ல நாலு இதழ் சேர்ந்து வருது. நாலையும் ஒரே நாள்ல பிரிச்சா அது இன்னொரு பெரிய பெட்டிதான். வாரம் ஒண்ணாப் பிரிங்க, முந்தின இதழோட வீரர்கள் முழுசா முடிஞ்ச அப்புறம் அடுத்ததைத் தொடுங்க. ரெண்டாவது, எங்க நிறுத்தணும்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டு பக்கமும் ஒரு சின்னப் படை சேர்ந்து, மேஜையில ரெண்டு மூணு சுவர் நின்னு, பேஸ், ஷேட், காஞ்ச பிரஷ் மூணும் கைக்கு வந்துட்டா பாடம் முடிஞ்சது. அது எண்பதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துடும். அங்க சந்தாவை நிறுத்தறது தோல்வி இல்ல. அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டு வந்து விட்டிருந்தா, பத்திரிகை தன் கடமையைச் செஞ்சிருக்கு. அதுக்கப்புறம் எல்ஃபோ எலும்புக்கூடோ, உங்களுக்குப் பிடிச்சதைக் கடையில போய் நேரா வாங்குங்க. அதை என்ன பண்ணணும்னு உங்க கைக்கு அப்போ தெரிஞ்சிருக்கும்.